எட்டரைக்கு ஐந்தரை

எட்டரை சென்டிமீட்டர் அகலம், ஐந்தரை உயரம்.
அதற்குள் கல்லூரிக்கு இரண்டு முத்திரை,
ஒரு கொடி, ஒரு பொன்மொழி,
நிழல் விழுந்த எழுத்தில் முகவரி,
பின்னணியில் வெளுத்துப்போன பாவோபாப் மரம்.
மூலையில்
கல்யாண போட்டோவுக்குக் கடைசியாக ஓடிவந்தவள்போல்
நான்.

இடைவெளி உட்பட இருபத்திரண்டு எழுத்து.
அதற்குமேல் அலுவலகக் கணினி வாங்காது.
ரசாஃபிந்த்ராசுவானிரினா மியங்காலி
முதலாண்டு முழுக்க
ரசாஃபிந்த்ராசுவானிரினா மி.
நூலக அபராதச் சீட்டில் தொடங்கி
வகுப்புக்குப் பரவி
வாசற்காவலர் ஒனோரேவின் வாய்க்கும் வந்துவிட்டது:
மி, நில். மி, போ.

வடிவமைப்புப் பாடத்தின் கடைசி வேலை,
தினமும் தொடும் பொருள் ஒன்றைத் திருத்துவது.
ரபே ஃபி பேருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டான்.
நான் கழுத்தில் தொங்கியதைக் கழற்றினேன்.

மரத்தை வெட்டினேன். நிழலைத் துடைத்தேன்.
முத்திரையில் ஒன்று போனது
(பெரியதுதான்).
நான்கு எழுத்துருக்கள்
நான்கு பேர் ஒரே மூச்சில் பேசுவதுபோல் இருந்தன;
ஒன்றை மட்டும் இருக்கச் சொல்லி
மூன்றை அனுப்பிவைத்தேன்.
இடது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.
எல்லாரையும் அதில் முதுகு சாய்த்து நிறுத்தினேன்.
எங்கோ அலைந்த பிறந்த தேதி
பெயரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அப்போது மின்சாரம் போனது.
அந்தனநரிவோவின் குன்றுகள்
ஒவ்வொன்றாக அணைந்தன.
இருட்டில் பழைய அட்டையைத் தடவிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஒனோரேவிடம் கேட்டேன்,
முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
"கண்ணாடி உடைந்து மூன்று வருடமாச்சு, மி.
நிறத்தைப் பார்ப்பேன்.
போன வருடம் பச்சை, இந்த வருடம் நீலம்.
நீலம் வந்தால் கதவு."
அப்படியென்றால் பெயர்?
"அதைக் காதால் வாங்கிக்கொள்வேன்."

ஆக, ஆண்டுக்கு ஒரு நிறம்,
மேலிருந்து கீழ்வரை விரல் தடிமனில் ஒரு பட்டை.
மீதி எல்லாம் வெள்ளை.
வெள்ளையில் கறுப்பாய், எல்லாவற்றிலும் பெரிதாய், பெயர்.

பெரிதாக்கினால் ஒரு வரியில் அடங்கவில்லை.
எங்கே உடைப்பது?
ஒரு மாலை முழுக்க
என் பெயரைச் சீர் பிரித்துக்கொண்டிருந்தேன்.
சுவா என்றால் எங்கள் மொழியில் அழகு,
அதைக் குறுக்கே அறுக்கக் கை வரவில்லை.
ரசாஃபிந்த்ரா
சுவானிரினா
என்று மூச்சு விழுந்த இடத்தில் மடக்கினேன்.
அதே சட்டத்தில் ரபே ஃபியையும் வைத்துப் பார்த்தேன்.
ஆறே எழுத்து.
"எனக்கு மைதானமே கிடைத்திருக்கிறது" என்றான்.

பதிவாளர் வுலுலுனா அட்டையை வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இங்கே காலியாக இருக்கிறதே,
பொன்மொழியைப் போடலாமே?
காலி இல்லை மேடம்,
நீளப் பெயர்க்காரர்களுக்குப் போட்டுவைத்த நாற்காலி.
நாற்காலி என்ற சொல் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.
பொன்மொழி பின்பக்கம் போனது.
கையெழுத்தும் ஆனது.

அக்டோபரில், ஏரிக்கரை ஜக்கராந்தா ஊதாவாகி உதிரும்போது
புதிய அட்டைகள் வந்தன.
ஆரஞ்சுப் பட்டை. சுத்தமான இடது ஓரம்.
முனை மழுங்காத கறுப்பு எழுத்து.
தூக்கிப் பிடித்தால் தெருவின் அந்தப் பக்கம்வரை
படிக்கலாம்:

ரசாஃபிந்த்ரா
சுவானிரினா
மி

சட்டத்தைத்தான் மாற்றியிருந்தேன்.
கணினியிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை.

ஒனோரே ஆரஞ்சைக் கண்டு கதவைத் திறந்தார்.
படிக்கட்டில் உட்கார்ந்து பேனாவைத் தேடினேன்.
மி-க்குப் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது.
அங்காலி
என்று எழுதினேன், ஆறு எழுத்து.
கோட்டைவிட்டுக் கொஞ்சம்
கீழே இறங்கிவிட்டது.